ராக்கெட் அக்காவும் புதிய கேப்டனும்

விண்வெளிக் கப்பலை எந்த வீரனிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம், எண்பதுகளில் இந்தப் பூமியில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர், இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த ராக்கெட் அக்கா. நான் அங்கே கணக்கப்பிள்ளை.

தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு டீவி. ஞாயிறு மாலையில் ஆங்கில விண்வெளித் தொடர் ஒன்று ஓடும். அக்காவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. கதையில் ஒரு காட்சி தப்பாது. அடிபட்டவனை முதுகில் சுமந்துகொண்டு நெருப்புக்குள் ஓடிய கேப்டனுக்காக மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தவர்.

பிறகு அதே கதையைப் புதிதாக எடுத்துப் போட்டார்கள். கப்பல் பளபளத்தது. புதிய கேப்டன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பொத்தான்களை அமுக்கிக்கொண்டே இருந்தான். மூன்றாம் வாரம் அக்கா எழுந்துவிட்டார்.

"இவன் என்னா வீரன்? கீழ எறங்குறானா பாரு! இவன் தொரடி!"

முன்வரிசைக் கதிரையில், தோட்டத்து உதவி மேலாளரான எங்கள் சின்னத்தொரை இருந்தார்.

தொரை திரும்பினார். தமிழ் அவருக்குப் பாதிதான் வரும். "புது கப்பல் நல்லது. பழசு தகரம்."

"தகரந்தாங்க தொர. ஆனா உள்ள இருந்தவன் மனுசன். கூடை தூக்காதவனுக்கு மலையப் பத்தி என்னாங்க தெரியும்?"

மறுநாள் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று பயந்தோம். தொரையோ ஏழாம் நம்பர் மலை அடிவாரத்துக்கே இறங்கி வந்து, அக்காவின் நிறைந்த கூடையை வாங்கி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மேலே இருந்த, கொழுந்து நிறுக்கும் தராசை நோக்கி ஏறத் தொடங்கினார். முதல் வளைவில் தொப்பி போனது. இரண்டாம் வளைவில் ஒரு சப்பாத்து சேற்றோடு தங்கியது. மூன்றாம் வளைவில் தொரையே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க தொர! பழைய கேப்டன் இப்புடியா உக்காந்தாரு?" என்று அக்கா பின்னாலிருந்து கூடையைத் தாங்கித் தள்ளினார். பெண்களெல்லாம் கைதட்டிக் கூவ, தொரை ஒற்றைச் சப்பாத்தோடு உச்சியைத் தொட்டார்.

மூச்சு வந்ததும் என்னைப் பார்த்தார். "கீழ ஆத்து ரோட்டுக்கு லொறி வராதா?"

"வரும் தொர."

"அப்ப தராசு ஏன் மேல?"

ஆறு வருடம் அந்தத் தராசருகே நின்ற எனக்கு அது தோன்றவே இல்லை.

அடுத்த வாரமே தராசு கீழே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை தொரை மண்டபத்தில் எழுந்து, "பழைய கேப்டன்தான் கேப்டன்!" என்றார். விசில் கூரையைப் பிய்த்தது.

அக்கா தொரையை மேலும் கீழும் பார்த்தார். "பரவால்ல, புதுசும் திருந்தும் போல."

மறு வருடம் எனக்கு மகள் பிறந்தாள். பதிவாளர் பெயர் கேட்டபோது, செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் அக்காவுக்கு நான் தினமும் எழுதிவந்த சொந்தப் பெயரைச் சொன்னேன்.