மந்திரி படித்த நாவல்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி நாவல் எழுதிப் பிழைத்தது. அந்தக் காட்டில் எழுதுகிறவர்கள் ஏராளம். படிக்கிறவர்களைத்தான் தேட வேண்டும். அதன் முதல் நாவலைச் சிங்கராஜா குகை வாசலில் கால் துடைக்கப் போட்டிருந்தார். அதை முள்ளம்பன்றி மறக்கவே இல்லை.

அதற்காக ராஜா சாக வேண்டும் என்று அது நினைக்கவில்லை. ராஜா உலா போகும்போது பழைய யானைக்குழியில் விழவைக்கலாம் என்று மந்திரி நரி கழுதைப்புலியிடம் பேசியது, புதருக்குள் இருந்த முள்ளம்பன்றியின் காதில் விழுந்தது. நேரே போய்ச் சொன்னால் நரி தோலை உரித்துவிடும். ஆகவே சதியை அப்படியே நாவலாக்கியது. நரியைக் கீரி ஆக்கியது. ஏழாம் அத்தியாயத்தில் குழி. கடைசியில் ராஜா தப்பினார், தர்மம் ஜெயித்தது.

வெளியீட்டு விழாவில் ராஜா முதல் பிரதியை வாங்கிக்கொண்டார். "நான் இன்னும் படிக்கவில்லை. ஆனால் நல்ல நீதி இருக்கிறது" என்று பேசினார். கைதட்டினார்கள். போர்த்திய பொன்னாடை முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

"மகாராஜா, ஏழாம் அத்தியாயத்தையாவது படியுங்கள்."

"எனக்கு ஏதய்யா நேரம்? மந்திரி, நீ படித்துச் சுருக்கமாகச் சொல்லு."

நரி ஒரே மூச்சில் படித்தது. "மந்திரி சொல்லைக் கேட்கும் ராஜாவுக்கு ஒரு குறையும் வராது. அதுதான் நீதி" என்று ராஜாவிடம் சொன்னது. பிறகு முள்ளம்பன்றியின் வளைக்கு வந்தது. முள்ளம்பன்றி மூலைக்கு நகர்ந்தது.

"பிரமாதம் அய்யா. அந்தக் கீரி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஏழாவதில்தான் ஒரு கோளாறு. குழியைச் சருகு போட்டு மூடியிருக்கிறீர். மிதித்தால் சத்தம் வராதா? பச்சை இலை அல்லவா வேண்டும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதனிடம் அத்தியாயம் சொல்லிப் பேசியதில்லை.

"பச்சை இலையை மான் மேய்ந்துவிடும்" என்றது முள்ளம்பன்றி. "எருக்கிலை போட்டால் எதுவும் வாய் வைக்காது."

"இதற்குத்தான் எழுத்தாளர் வேண்டும் என்பது" என்று நரி கும்பிட்டுப் போனது.

மறுநாள் முள்ளம்பன்றி இரண்டாம் பதிப்புக்காகச் சருகை அடித்து எருக்கிலை என்று எழுதியது. எழுதி நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. குழிக்கு ஓடியது. எருக்கிலைக்கு நடுவே பெரிய ஓட்டை.

"யாரது, எழுத்தாளரா?" உள்ளேயிருந்து ராஜாவின் குரல். "அந்த ஏழாம் அத்தியாயத்தில் என்னதான் இருக்கிறது?"

"இதுதான் மகாராஜா."

"கதையில் அந்த ராஜா எப்படித் தப்பிக்கிறார்?"

"ஆறாம் அத்தியாயத்திலேயே தனக்குக் கொடுத்த புத்தகத்தைப் படித்துவிடுகிறார்."

ராஜா குழியிலிருந்து வரவில்லை. நரி பட்டத்துக்கு வந்தது. சிறந்த நீதி நூலுக்கான விருதை முள்ளம்பன்றிக்குக் கொடுத்தது. கடைசி அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னது. கதை தொய்கிறதாம். முள்ளம்பன்றியும் எடுத்துவிட்டது.

நீதி: ஒரு புத்தகத்துக்கு ஒரு வாசகர் போதும். அவர் கவனமாகப் படிக்கிறவராக இருக்க வேண்டும்.