பச்சை கொஞ்சம் தூக்கல்

டிவியில் ஓடுவதைப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். ஓடுவதை விட்டுவிட்டு டிவியைப் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். நாம் இப்போது பேசப்போவது இரண்டாவது ரகத்தைப் பற்றி. உங்கள் குடும்பத்தில் இந்த ரகத்தில் ஒருவராவது கட்டாயம் இருப்பார். இல்லை என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள், கடைசியில் பேசிக்கொள்வோம்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. ஐம்பதைத் தொட்டவர். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் செட்டிங் மாமா. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றி, தண்ணீர் வாங்கிக் குடித்து, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் கண் டிவிப் பக்கம் போய்விடும். திரையில் ஒரு தாய், தொலைந்துபோன மகனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பாள். வீடே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும். மாமா மட்டும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்பார்.

அவ்வளவுதான். ரிமோட் கை மாறிவிடும். தாய்க்கு மஞ்சள் காமாலை வரும், மகன் நீலம் பாரித்துப் போவான், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். "டிவியில தெரியற எல்லா நிறமும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணே மூணுலேர்ந்துதான் வருது, தெரியுமா?" என்று பாடம் வேறு நடக்கும். அவர் கிளம்பிப் போனபிறகு பழையபடி ஆக்க வீட்டுக்காரர்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும். அதனால் அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே ரிமோட்டைத் தலையணை உறைக்குள் போட்டுவிடுவது குடும்ப வழக்கமாகிவிட்டது.

டிவியோடு விட்டாரா? எங்காவது பத்துப் பேர் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டால், "இருங்க, இருங்க, வெளிச்சம் பின்னாடியிருந்து வருது" என்று கேமராவைப் பிடுங்கி, எல்லாரையும் ஜன்னல் பக்கம் திருப்பி, உயரமானவரைக் குனியச் சொல்லி, குட்டையானவரைப் பலகைமேல் ஏற்றி, எதையோ திருகிக்கொண்டே இருப்பார். அதற்குள் சிரித்த குழந்தை அழத் தொடங்கிவிடும், ஒருவர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போயே போய்விடுவார். அலுவலகத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரை, "மை சீரா விழல" என்று திறந்து சுத்தம் செய்து, சோதனைக்கு என்று ஒன்பது பக்கம் அடித்துப் பார்ப்பார். அன்று மேலதிகாரியின் அவசரக் கடிதம் இளஞ்சிவப்பில் வெளிவரும்.

இதெல்லாம் திமிரா? இல்லவே இல்லை. அவருக்கு மெய்யாகவே அந்தப் பச்சை தெரிகிறது. பல்லிடுக்கில் மாட்டிய நார்போல அது அவரை உட்காரவிடாது. ஊருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார், பாவம்.

இந்த மாமாவுக்கு ஓர் அக்கா. நூலகத்தில் வேலை. முப்பது வருஷமாக அடுத்தவர் படிக்கப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவள், யாரிடமும் சொல்லாமல் ஒரு டிவி வினாடி வினாப் போட்டிக்கு எழுதிப் போட்டாள். கூப்பிட்டார்கள். போய்க் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மூன்று வாரம் அக்கா வாயைத் திறக்கவில்லை. கட்டின புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒளிபரப்பாகும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவும் மனைவியும் அக்கா வீட்டில் ஆஜர். சின்னச் சேனல், மறு ஒளிபரப்பு கிடையாது, பார்த்தால் இப்போது பார்த்ததுதான். அத்தான் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா மட்டும் தன் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில், எல்லாரையும் பார்த்தமாதிரி போட்டுக்கொண்டாள்.

"அங்கேருந்து உனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா?"

"நான்தான் அங்கேயே இருந்தேனே. நீங்க பாருங்கடா."

பார்த்தார்கள். திரையில் அக்கா மணியை அடித்தாள், பதில் சொன்னாள், மறுபடி அடித்தாள். அத்தான் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். மாமாவின் மனைவி தன் ஃபோனால் திரையை ஒரு படம் எடுத்தாள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் என்ன செய்வது, அக்காவின் முகம் பச்சை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். அக்காவும் இன்னொருவரும் சமநிலையில் நிற்க, வெற்றியைத் தீர்மானிக்கும் கடைசிக் கேள்விக்கு முன்னால் விளம்பரம் போட்டார்கள். அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வர, அத்தான் எழுந்து ஓடினார்.

சோபாவில் ரிமோட் தனியாகக் கிடந்தது.

"ஏங்க, வேண்டாங்க" என்றாள் மனைவி.

"டேய், கையை வைக்காதே!" என்றாள் அக்கா.

"நிறத்தை மட்டும்க்கா. விளம்பரம் மூணு நிமிஷம் ஓடும், எனக்கு ஒரு நிமிஷம் போதும். உன் முகம்க்கா அது, கீரை மாதிரி இருக்கு."

பச்சையைக் குறைத்தார். விளம்பரத்துப் பல்லெல்லாம் ஊதாவானது. ஏற்றினார். இன்னும் மோசம். எங்கெங்கோ நுழைந்து வெளியே வந்ததில் அவர் அதுவரை பார்த்திராத ஒரு கேள்வி திரையில் வந்து நின்றது. எல்லாவற்றையும் முதல்நிலைக்குக் கொண்டுபோகவா? ஆம், இல்லை. செட்டிங் மாமா வாழ்நாளில் 'இல்லை'யை அழுத்தியது கிடையாது.

திரை இருண்டது. ஒரு நீலக் கோடு தோன்றியது. சேனல்கள் தேடப்படுகின்றன, மூன்று சதவீதம்.

"என்னய்யா பண்ணினே?" பால் பாத்திரத்தோடு அத்தான் சமையலறை வாசலில் நின்றார்.

"தேடுது அத்தான். இப்ப வந்துரும்."

"நிறுத்து அதை!"

"பாதியில நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும் அத்தான்."

மனைவி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. பதினெட்டு சதவீதம். நாற்பத்தொன்று. அந்தக் குடும்பம் கண் கொட்டாமல் பார்த்த நிகழ்ச்சி அது ஒன்றுதான். கோடு முடிந்து படம் வந்தபோது ஒருவர் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். போட்டி முடிந்து போயிருந்தது.

"ஜெயிச்சியாக்கா? கடைசிக் கேள்வி என்னக்கா?" மாமா அக்கா பக்கம் திரும்பினார்.

"நான் டிவி பார்க்கவா இங்கே உட்கார்ந்தேன்? உங்க மூஞ்சியைப் பார்க்க உட்கார்ந்தேன்டா. மூணு வாரமா இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். அதைப் போய் இப்ப வாயால சொல்லணுமா? சொல்ல மாட்டேன், போ."

அக்காவின் கண் கலங்கியிருந்தது. மாமாவுக்குத் திருகிச் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை.

தெருவில் நாலு பேரைக் கேட்டிருந்தால் முடிவு தெரிந்திருக்கும். மாமா கேட்கவில்லை. அக்கா சொல்லாமல் தெரிந்துகொண்டால் அது திருட்டு என்று தோன்றியது. நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மனைவியின் ஃபோனில் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மா படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். ஒரு கண்ணை மூடினாள்.

"பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கே சார். ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடட்டுமா?"

மாமாவின் விரல்கள் தானாக மடங்கி விரிந்தன.

"வேண்டாம்மா" என்றார். "அப்படியே போடுங்க."

அக்கா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். மணிமேல் கை, பச்சை முகம், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த உடம்பு.

"கீரை மாதிரி இருக்கேன்."

"இருக்கட்டும்க்கா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசிக் கேள்வியைக் கேட்கிறேன், பதில் சொல்லு. டிவியில தெரியற எல்லா நிறமும் எந்த மூணு நிறத்துலேர்ந்து வருது?"

"சிவப்பு, பச்சை..." மாமா சட்டென்று நிமிர்ந்தார். "அக்கா!"

"கோப்பை அலமாரியில துணிக்கு அடியில இருக்கு. எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்னு கேட்டாரு நடத்தறவரு. எனக்கு ஒரு தம்பி இருக்கான், இருபது வருஷமா இதைச் சொல்லியே எங்க உசிரை வாங்கறான், இந்தக் கோப்பை அவனுக்குத்தான்னு சொன்னேன். அத்தனை பேரும் கை தட்டினாங்கடா."

மாமாவின் வாய் திறந்தது, மூடியது. மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அக்கா அவ்வளவையும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, விளம்பர இடைவேளை இல்லாமல் பார்த்து முடித்தாள்.

அந்தப் படம் இப்போது அக்கா வீட்டு டிவிக்கு மேலே தொங்குகிறது. மாமா திருந்திவிட்டாரா? போன வாரம் வந்தவர், படம் இடதுபக்கம் ஒரு நூல் சாய்ந்திருப்பதைக் கண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

சரி, உங்களிடம் வருவோம். இதைப் படிக்கும்போது விளக்கை எத்தனை தடவை நகர்த்தினீர்கள்? "அந்த இடத்தில் அவர் வேறு பட்டனை அழுத்தியிருக்கலாமே" என்று நடுவில் ஒரு தடவையாவது தோன்றியதா? தோன்றியிருந்தால், அடுத்த முறை சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது அவர்களுடைய தலையணையைச் சும்மா ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.