களம்பூர் விசாரணையும் மெமரி கார்டும்

ஆரணி,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மாமா பாலமுருகன் அவர்களுக்கு,

மைத்துனன் கமலக்கண்ணன் வணங்கி எழுதுவது. இங்கு நான், பரிமளா, விசைத்தறிகள் ஆறு, யாவரும் சௌக்கியம். வேலூரில் அக்காவும் தாங்களும் சௌக்கியம் என்று கேள்வி. கேள்வி என்றுதான் சொல்ல முடியும். நேரில் பார்க்காத எதையும் நம்புவதில்லை என்று போன வாரம் முடிவு செய்துவிட்டேன். போனில் கேட்டால் டவர் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். ஆகவே பதிவுத் தபால்.

தாங்கள் ஆரணி வீட்டைக் காலி செய்தபோது எங்கள் பரணில் போட்டுவிட்டுப் போன பிளேஸ்டேஷன் பெட்டியைப் போகிக்கு இறக்கினேன். எறிய மனம் வராமல் டிவியில் மாட்டினால், நாம் அன்று ஆடிய கிரிக்கெட் வந்தது, ஆனால் அது நாம் ஆடிய கிரிக்கெட் இல்லை. என் நினைவில் இருந்த மைதானத்தில் புல் இருந்தது; இதில் பச்சைப் பெயின்ட்தான் இருக்கிறது. பந்து போடுகிறவனுக்கு விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, முகம் டிசைன் போடும் கிராஃப் காகிதத்தில் கட்டம் கட்டமாக அடைத்தது போல இருக்கிறது, கூட்டத்தில் ஒரே ஆள் நானூறு இடத்தில் உட்கார்ந்து கை தட்டுகிறான். யாரோ டிஸ்க்கை மாற்றிவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். பழைய போட்டியைத் திறந்து பார்க்கலாமென்றால் கீறல் விழுந்த டிஸ்க் அங்கேயே உறைந்து நின்றது. சரியென்று மெமரி கார்டைத் திறந்தேன். அதில் சேமித்த ஆட்டங்களின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் தேதியும் நேரமும் இருந்தன.

மாமா, 2007 ஜனவரி 24 என்ன நாள் என்று நினைவிருக்கிறதா? பரிமளா வீட்டைப் பற்றி விசாரித்து வரச் சொல்லி, எங்கள் குடும்பம் தங்களைக் களம்பூருக்கு அனுப்பிய நாள். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்து, "நாலு எடத்துல விசாரிச்சிட்டேன் மச்சான். தங்கமான குடும்பம். பொண்ணோட அப்பா சாது. வீட்ல நாய் கெடயாது" என்று சொன்னீர்கள். அதை நம்பித் தாலி கட்டினேன். மெமரி கார்டோ, அன்று காலை பதினொன்றேகால் தொடங்கி மாலை ஐந்து பத்து வரை தாங்கள் இந்தப் பெட்டியின் முன்னால் இருந்ததாகச் சொல்கிறது. பெட்டியின் கடிகாரம் தப்பாக இருக்கலாம் என்றும் யோசித்தேன். அதே பட்டியலில் மே 27, காலை ஏழு மணி என்று இன்னொரு ஆட்டம் இருக்கிறது. அது என் முகூர்த்த நேரம். மாலை வாங்கப் போனதாகச் சொன்னீர்கள். ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். தாலி கட்டும் படத்தில் தாங்கள் இல்லை.

இப்போது ஒவ்வொன்றாகப் புரிகிறது. சாதுவான மாமனார் ரைஸ் மில்லில் மேஸ்திரி. நலமா என்று அவர் கேட்டால் தெருக்கோடியில் இருப்பவன் பதில் சொல்கிறான். இல்லாத நாய் தலை தீபாவளியன்று என்னைக் கடித்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேணும், ஊசி போட்டுகினு படுத்திருந்ததில் விட்டுவிட்டேன். யாரும் விசாரிக்காத ஒரு கல்யாணத்தில் பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன் மாமா.

இத்தனையும் எழுதக் காரணம், என் அண்ணன் மகள் துர்காவுக்கு வந்திருக்கும் வெம்பாக்கத்து வரன். அடுத்த வாரம் புதன்கிழமை அங்கே போய் விசாரிக்க, அனுபவசாலி என்று தங்களையே அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் வாழ்க்கை தங்கள் வாய்ச்சொல்லில் நிற்கிறது. மரியாதையாகத் தாங்களே விலகிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மெமரி கார்டோடு அண்ணன் வீட்டுக்குப் போவேன்.

தங்களை ஆசீர்வதிக்க எனக்கு வயதில்லை, சந்தேகப்பட இருக்கிறது. அக்காவுக்கு என் வணக்கம். இதில் அவருக்குப் பங்கு உண்டா என்பது இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
கமலக்கண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பரிமளா இதைப் படித்துவிட்டாள். டிஸ்க்கில் பல் தேய்க்கும் பேஸ்ட் தடவித் துடைத்துக் கொடுத்தாள். பழைய போட்டி திறந்தது. ஆடியவர்கள் இருவர்: ஒருவர் பாலா, இன்னொருவர் தனா. தனா என்பது அவள் அண்ணன் தனசேகரன். அன்றைக்கு என்னைப் பற்றி விசாரிக்க அவரை ஆரணிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீக்கடையில் அவர் கேட்ட முதல் ஆள், களம்பூர் பஸ்ஸுக்கு நின்றிருந்த தாங்கள். இருவரும் அங்கேயே விசாரணையை முடித்துக்கொண்டு, தங்கள் வீட்டில் இந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். ஊருக்குத் திரும்பியதும், பையனுக்குச் சந்தேக புத்தியே கிடையாது என்று அவர் சொன்னாராம்.

ஒன்பது ஆட்டம். ஒன்பதிலும் தாங்கள் தோற்றிருக்கிறீர்கள். "ஆறு மணி நேரம் தோத்துகினே இருந்தும் மூஞ்சி சுளிக்காத மனுஷன் இருக்கற வீடு, தைரியமா குடுக்கலாம்னு எங்கண்ணன் சொன்னாருங்க. அதுக்கு மேல என்னத்த விசாரிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, நாய்க்குச் சோறு வைக்கப் போய்விட்டாள். நாய் அந்த நாயின் பேத்தி.

ஆகவே மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். பெட்டியை நாளை வேலூர் பஸ்ஸில் அனுப்புகிறேன். கன்ட்ரோலர் இரண்டும் வேலை செய்கின்றன. புதன்கிழமை வெம்பாக்கத்து மாப்பிள்ளையோடு உட்கார்ந்து தோற்றுவிட்டு வாருங்கள். கடிகாரத்தை நானே சரியாக வைத்திருக்கிறேன்.