நாலாம் பாகத்தில் அரசி சாவாளா?

“அப்போ, அரசி சாகமாட்டான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க” என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

கண்ணாடிக்காரர் சட்டைப் பையில் பேனாவைத் தேடுவதுபோல் ரொம்ப நேரம் துழாவினார். பேனா முதல் துழாவலிலேயே கையில் பட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

மாமனார் வீட்டுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். டி.வி.யில் ‘நிழல் விற்கும் நாடு’ தொடரின் மூன்றாம் பாகம் அந்த நிமிஷம்தான் முடிந்திருந்தது. மலையுச்சியில் அரசி நிற்கிறாள். பின்னால் நிழல் வணிகன் கத்தியோடு நிற்கிறான். மூன்று கண் குதிரை மூன்று கண்ணாலும் அழுகிறது. இவ்வளவையும் காட்டிவிட்டு, ‘நான்காம் பாகம் அடுத்த ஞாயிறு’ என்று எழுத்தைப் போட்டுவிட்டார்கள், மனசாட்சி இல்லாதவர்கள். மனைவி அழுததில் தப்பே இல்லை. ஒரு வருடமாக அந்த அரசி அவளுக்குக் கூடப்பிறக்காத தங்கை.

இதில் கண்ணாடிக்காரர் ஏன் கையெழுத்துப் போடவேண்டும் என்றால், தொடர் ஒரு தடித்த நாவலிலிருந்து எடுத்தது. அந்த நாவலை அவர் காலேஜ் நாளிலேயே கரைத்துக் குடித்தவர். வீட்டில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் முதல் பாகத்தில் பதினேழு பக்கம் படித்திருந்தார். அதில் ஆறு பக்கம் வரைபடம்.

அந்தப் பொய்யை ஒரு வருடமாக ஒரே வாக்கியத்தை வைத்து ஓட்டிவந்தார். “அடுத்து என்னங்க ஆகும்?” என்று மனைவி கேட்டால், கண்ணை லேசாக மூடிக்கொண்டு, “சொன்னா சுவாரசியம் போயிடும்” என்பார். அவளும் பெருமையாகச் சிரித்துக்கொள்வாள். இன்றைக்கு அழுகையைப் பார்த்ததும் மனுஷருக்கு மனசு இளகிவிட்டது. வாய் தவறிவிட்டது.

“அழாதே. அரசி சாகமாட்டா. நான் படிச்சிருக்கேன்.”

சோபாவின் மறுகோடியிலிருந்து ஒரு செருமல் கேட்டது. மனைவியின் அண்ணன். லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பதால் குடும்பத்தில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர்.

“மாப்பிள்ளை, நீங்க எந்தப் பதிப்பு படிச்சீங்க?”

“ஏன் மச்சான்?”

“இல்ல, நான் படிச்ச நாலாம் பாகத்துல முதல் அத்தியாயத்துலயே அரசி காலி. அதான் கேட்டேன்.”

“சரியாப் படிச்சிருக்க மாட்டீங்க.”

“நானா? ரெண்டு தடவை படிச்சேன்!”

“நான் மூணு தடவை!”

“பந்தயமா?”

“பந்தயம்தான். மீசை!”

மீசை என்று முதலில் சொன்னது யார் என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. சொல்லி முடித்ததும் இரண்டு பேர் கையும் தன்னால் மேலுதட்டுக்குப் போனது மட்டும் நிஜம். கண்ணாடிக்காரருக்கு மீசை விளையாட்டு இல்லை. அதை எடுத்தால் முகம் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடும். “உங்க மீசையைப் பார்த்துத்தான் நான் சரின்னு சொன்னேன்” என்று மனைவி வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவாள். மீதி முகத்தைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை.

மாமனார் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் முப்பது வருடம் ஃபைல் கட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் யார் சண்டை போட்டாலும் அவர்தான் நீதிபதி. அவருடைய வெள்ளை மீசைக்கு இரண்டு பக்கமும் முறுக்கு உண்டு.

“வாய்ப் பேச்சு செல்லாது. அடுத்த ஞாயித்துக்கிழமை, தொடர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, நாலாம் பாகம் புத்தகம் இந்த மேஜைக்கு வரணும். தோத்தவர் மீசை இதே கூடத்துல எடுக்கப்படும்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டு ஒரு பக்க முறுக்கைச் சரிசெய்துகொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் கண்ணாடிக்காரர் சாப்பாட்டு இடைவேளையில் நூலகத்துக்கு ஓடினார். அலமாரியில் மூன்று பாகங்கள் செங்கல் மாதிரி நின்றன. நாலாவதைக் காணோம்.

“வெளியில போயிருக்கும் சார்” என்றார் நூலகர் அம்மா, தலையைத் தூக்காமலேயே.

“எப்ப வரும்?”

“எடுத்தவங்க கொடுத்தா வரும். நல்ல புத்தகம்னா திரும்பி வர்ற பழக்கமே இல்ல.”

“நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?”

நூலகர் அம்மா இப்போது தலையைத் தூக்கினார். “என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? நூலகத்துல இருந்துக்கிட்டு படிக்காம இருப்பேனா?”

“அரசி சாவாளா?”

“அது… கடைசியில எல்லாரும் அழுவாங்க சார். அவ்வளவுதான் சொல்லுவேன். காலையிலகூட லிஃப்ட் கம்பெனி சட்டை போட்ட ஒருத்தர் இதே புத்தகத்தைத்தான் கேட்டார்.”

ஆக, அகராதி காலையிலேயே வந்து அமுக்கிக்கொண்டு போய்விட்டார். சாட்சி இப்போது அவர் கையில்.

மறுநாள் அவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் வேறொரு வழி தோன்றியது. ஊரே பார்க்கிற தொடர். கண் சோதனைக்கு வருகிறவர்களில் நாலு பேராவது நாவலைப் படித்திருக்கமாட்டார்களா?

“மூணாவது வரியைப் படிங்க… நல்லது. சார், நீங்க ‘நிழல் விற்கும் நாடு’ நாலாம் பாகம் படிச்சிருக்கீங்களா?”

“படிக்காம? அரசிக்கு விஷம் வெச்சிடுவாங்க.”

“சரி, நாலாவது வரி?”

“அங்க எங்க நாலாவது வரி இருக்கு?”

அடுத்து வந்த அம்மாள், அரசி நிழல் வணிகனையே கல்யாணம் செய்துகொள்வாள் என்றார். ஒரு பஸ் டிரைவர், அரசியே இல்லை, அது ஆரம்பத்திலிருந்து குதிரைதான் என்று அடித்துச் சொன்னார். ‘படிக்கவில்லை’ என்று ஒரு ஆள்கூடச் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லவும் இல்லை. கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் கையில் கிடைத்த சீட்டில் குறித்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் லென்ஸ் அறுக்கிற பட்டறையிலிருந்து போன் வந்தது. எடுத்தவர் கடை முதலாளி. முகம் மாறியது. ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார்.

“சார், நீங்க அனுப்பின சீட்டுல வலது கண்ணுக்கு ‘விஷம்’னு எழுதியிருக்கு. இடது கண்ணுக்கு ‘கல்யாணம்’. இது எவ்வளவு பவர் சார்?”

முதலாளி கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு ஏதாவது வீட்டுல பிரச்சனையா?”

“மீசைப் பிரச்சனை சார்.”

“ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க. நல்லாத் தூங்குங்க.”

லீவு கிடைத்ததும் கண்ணாடிக்காரர் தூங்கவில்லை. புத்தகக் கடை புத்தகக் கடையாக அலைந்தார். தொடர் வந்த பிறகு நாவலுக்கு ஏகக் கிராக்கி. எல்லாக் கடையிலும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு பழைய கடையின் எண் கிடைத்தது. போனை எடுத்தவர் கடைக்கார அம்மாள்.

“‘நிழல் விற்கும் நாடு’ இருக்காம்மா? எல்லாப் பாகமும் வேணும்.”

“குடோன்ல ஒரு செட் இருக்கு சார். எல்லாப் பாகமும் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமைதான் எடுத்துத் தர முடியும்.”

“பரவாயில்ல. நான் சொல்ற விலாசத்துல நேர்ல கொண்டுவந்து கொடுத்துடுங்க” என்று மாமனார் வீட்டு விலாசத்தைக் கொடுத்தார். நாலு நாளில் அன்றைக்குத்தான் சாப்பாடு உள்ளே இறங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் அகராதியிடமிருந்து போன் வந்து, இறங்கியதை எல்லாம் மேலே கொண்டுவந்தது.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க மச்சான்.”

“புது பிளேடு வாங்கிட்டேன்” என்றார் அகராதி. குரல் கனமாக இருந்தது. உடனே போனை வைத்துவிட்டார்.

என்ன நெஞ்சழுத்தம்! புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படித்தும் பார்த்துவிட்டு, பிளேடும் வாங்கியிருக்கிறார் என்றால் அரசி செத்தது உறுதி. நாளைக்கு மாமனார் துண்டு போர்த்துவார், மச்சான் சோப்பு நுரை போடுவார், மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார், மனைவி தலையைக் குனிந்து நிற்பாள். அந்தக் கடைசிக் காட்சியைத்தான் கண்ணாடிக்காரரால் தாங்க முடியவில்லை.

ஞாயிறு காலை குளியலறைக்குள் போனார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்.

மனைவி கையிலிருந்த சீப்பைக் கீழே போட்டாள். “ஐயையோ! என்னங்க இது?”

“நான் தோத்துட்டேன். நான் அந்த நாவலைப் படிக்கவே இல்ல. மொத்தமே பதினேழு பக்கம். உன் முன்னாடி உங்க அண்ணனைவிட ஒரு படி மேல நிக்கணும்னு ஆசை. அதான் சொன்னேன். மன்னிச்சுடு.”

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். உதடு துடித்தது. கண்ணில் நீர் நிறைந்தது.

“அப்போ அரசி செத்துடுவாளா?”

“தெரியாது.”

மாமனார் வீடு வரும்வரை அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

மாமனார்தான் கதவைத் திறந்தார். கண்ணாடிக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “யாருப்பா நீ? என் பொண்ணோட வந்திருக்கே?” என்றார்.

“மாமா, நான்தான்.”

அப்போது உள்ளறையிலிருந்து ஓர் ஆள் முகத்தில் துண்டை ஒற்றிக்கொண்டே வந்தார். அகராதியின் சட்டை, அகராதியின் தொப்பை. மூக்குக்குக் கீழே மட்டும் வெட்டவெளி.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

“நீங்க எதுக்கு மாப்பிள்ளை எடுத்தீங்க?”

“நீங்க எதுக்கு மச்சான் எடுத்தீங்க?”

“நூலகத்துல நாலாம் பாகம் இல்ல. செவ்வாய்க்கிழமை திரும்பப் போனேன். கண்ணாடிக்கடைக்காரர் ஒருத்தர் வந்து கேட்டார்னு அந்தம்மா சொன்னாங்க. சரி, நீங்க எடுத்துட்டீங்க, அரசி பிழைச்சிருப்பான்னு…”

“அப்போ நீங்க படிச்சதே இல்லையா?”

“அட்டையைப் பார்த்திருக்கேன்” என்றார் அகராதி.

முதலில் மாமியார் சிரித்தார். அப்புறம் மனைவி. பிறகு இரண்டு மொட்டை உதடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அடக்க முடியாமல் சிரித்தன. கண்ணாடிக்காரருக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“வெட்கமா இல்ல? ஒரு புத்தகத்தைப் படிக்காம படிச்சேன்னு சொல்றதைவிடக் கேவலம் உண்டா? என்னைப் பாருங்க. நான் பெருமை அடிச்சுக்கறதில்ல. ஆனா நாலாம் பாகத்தை ரெண்டு தடவை படிச்சிருக்கேன். கோர்ட்ல, சாப்பாட்டு நேரத்துல. முடிவு ரெண்டு பேர் சொன்னதும் இல்ல.”

“அப்பா!” மனைவி ஓடிப்போய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களாவது சொல்லுங்கப்பா. அரசி என்ன ஆவா?”

மாமனார் மீசையின் இரண்டு முறுக்கையும் நிதானமாக முறுக்கினார். “சொன்னா சுவாரசியம் போயிடும்மா.”

அழைப்பு மணி அடித்தது. வாசலில் புத்தகக் கடை அம்மாள், தலையில் ஹெல்மெட், கையில் கட்டு. மேஜையில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

“நாலாம் பாகம் எங்கம்மா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“நாலாம் பாகமா? அதை எழுத்தாளர் இன்னும் எழுதவே இல்லையே சார், டி.வி.யில என்ன முடிவு வருதுன்னு பார்த்துட்டு எழுதறேன்னு சொல்லியிருக்காராம்.”