சூரியப் புள்ளியை நம்பி வைத்த நிச்சயதார்த்தம்

கூச்ச சுபாவம் உள்ளவன் வாயைத் திறக்காதவரை குடும்பத்துக்கு நல்லது. அபூர்வமாகத் திறந்தால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

அக்கா மகள் சுமதிக்குத் தை மாதம், சாயங்காலம் நிச்சயதார்த்தம். ராபர்ட்சன்பேட்டையில் மண்டபமா, மாரிகுப்பத்தில் வீட்டுக்குப் பின்னாலுள்ள மைதானமா என்று அக்காவுக்கும் மாமாவுக்கும் சண்டை. மைதானத்தை ஒட்டிச் சயனைடு மேடு. மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் மலையாகக் குவிந்த இடம். குளிர்காற்று அதில் சறுக்கி நேராக நம் மேல்தான் இறங்கும்.

முந்தின நாள் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். சூரியனில் புள்ளிகள் அதிகமாகிவிட்டன, இனி குளிர் குறையும் என்று கோட்டு போட்ட ஒருவர் சொன்னார். (பத்தாவது படித்தவனுக்குக் கோட்டு போதும்.)

"இந்த வருசம் குளிரே இருக்காது. சூரியன்ல புள்ளி ஜாஸ்தி" என்றேன்.

வீடே திரும்பிப் பார்த்தது.

"இவன் பேசியே நான் பார்த்ததில்ல. பேசறான்னா விசயம் இருக்கும்" என்றார் மாமா. மண்டபம் வேண்டாமென்று முடிவாயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து மெல்லிய சட்டையும் பட்டுமாக வந்து இறங்கினார்கள். பொழுது சாய்ந்தது. காற்று வந்தது. குத்துவிளக்கு ஏற்ற ஏற்ற அணைந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அக்கா என் கையைக் கிள்ளினாள். "இன்னாடா, உன் புள்ளி எங்கடா போச்சு?"

எங்கள் வழக்கப்படி, மாப்பிள்ளையின் அப்பா சபையில் வாய் திறந்து 'சம்மதம்' என்று சொன்னால்தான் தட்டு மாற்றுவோம்.

"இன்னாங்க சம்பந்தி, சம்மதந்தானே?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டார்.

சம்பந்தி வாயைத் திறந்தார். பல் மட்டும் தடதடத்தது. தலை இடமும் வலமும் வேகமாக ஆடியது.

"வேணாம்ன்றாரா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். சுமதியின் கண்ணில் நீர் முட்டியது. மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலில் கிடந்த கம்பளியை உருவிக்கொண்டு வந்து அவர்மேல் போட்டேன். (பதற்றத்தில் முகத்தையும் சேர்த்து மூடிவிட்டேன்.)

கம்பளி நெளிந்தது. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது: "சம்... சம்மதம்! தலை தானா ஆடுதுங்க!"

மேளம் முழங்கியது. முகத்தை வெளியே நீட்டி, "குளிராதுன்னு யாருங்க சொன்னது?" என்றார். மைதானமே என்னைக் காட்டியது.

அவர் அறிவியல் வாத்தியார். "புள்ளி கூடினா சில குளிர் நாடுகள்ல பனிக்காலம் கொஞ்சம் மாறலாம்னு சொல்றாங்க. அதுவே இன்னும் முடிவாகலை. மாரிகுப்பத்து சாயங்காலத்துக்கு அதை நம்பலாமா சார்?"

அன்றுமுதல் எங்கள் வீட்டு நிச்சயங்களில் வெற்றிலை, பழத்தோடு மடித்த கம்பளி ஒன்றும் சீர்த்தட்டில் ஏறிவிடும். கொளுத்தும் சித்திரையிலும் விடமாட்டார்கள். கேட்டால் என் பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன மாதம் எங்களுக்கு உறவே இல்லாத ஒரு வீட்டு நிச்சயத்துக்குப் போனேன். தட்டில் கம்பளி இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"தெர்லங்க" என்றார் பெண்ணின் அப்பா. "இந்த ஊர்ல பரம்பரையா வைக்கிறதாம்."