அலமாரியில் விரித்த நீலம்

சீரும் சிறப்புமாக இருக்கிற மாப்பிள்ளைக்கு மாமியார் எழுதுவது. நானும் பேத்தியும் இங்கே நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன.

உங்கள் மகளுக்கு நீங்கள் போட்ட கடிதத்தை அவளே படித்துக் காட்டினாள். உங்கள் கையெழுத்துக்கு, ரெண்டாம் வகுப்போடு நின்ற என் எழுத்தே தேவலை. அவள் அம்மா வரைந்ததில் ஒரே ஒரு தாள் உங்களுக்கு வேண்டுமாம். கிடையாது. ஒன்றுகூட மிச்சமில்லை. காரணம் நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன். என் மகள் படுக்கையில் கிடந்த நாலு மாதமும், கை நடுங்கிக் கோடு போட முடியாமல், ஈரத்தாளில் வெறும் நீலத்தைக் கரைத்துவிட்டு அது ஓடுகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு எங்கே இருக்கும். எனக்கு அதெல்லாம் கறையாகத்தான் தெரிந்தது. ஒரு பூ இல்லை, ஒரு முகம் இல்லை. கெட்டித் தாளாச்சே என்று அளவாக வெட்டி, சமையலறை அலமாரித் தட்டிலெல்லாம் விரித்து டப்பாக்களை அடுக்கிவிட்டேன். போன மாதம் பேத்தி, புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள், அம்மா வரைந்ததைத் தேடி வீட்டையே புரட்டிவிட்டுக் கடைசியில் எண்ணெய் டப்பாவைத் தூக்கினாள்.

"பாட்டி, இது அம்மாது!"

"கறைத்தாள்டி அது."

"கறை இல்ல பாட்டி. அம்மா."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நகத்தால் ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தாளே, அதுதான் இன்னும் ஆறவில்லை. பலகையோடு ஒட்டிக் கிடந்ததால் எல்லாம் கிழிந்தது. கிழிசலை அப்படியே ஸ்கேனரில் வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினாள். கண்ணாடிப் பலகைமேல் ஒரு பேனாவால் சின்னப் பெண்ணை வரைந்து, அவள் கவுனுக்குள் அம்மாவின் நீலத்தை ஊற்றினாள். அதே நீலம் ஆறாச்சு, வானமாச்சு. எண்ணெய் டப்பா பதிந்த வட்டம் இருக்கே, அதை நிலாவாக்கிட்டா! நடுவில் எதையோ தப்பாக அழித்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினாள், திரும்ப வந்து நின்றது.

"எது போனாலும் வருமாடி?"

"இதுக்குள்ள போனது மட்டும்தான் பாட்டி."

நான் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

ஆகையால் இனிமேல் கேட்டு எழுத வேண்டாம். என் மகள் கண்ணை மூடியபோது நீங்கள் வீட்டில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து மூச்சிரைக்க வாசலில் நின்றீர்கள். சாம்பல் நிறச் சட்டை, ரெண்டாவது பட்டன் இல்லை, கையில் ஏதோ சுருள். ஏழு வருஷமாச்சு, நான் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் புது வீட்டாரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமியார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தோடு ரெண்டு அட்டைக்கு நடுவில் ஒரு தாள் வைத்திருக்கிறேன், மடித்துவிடாதீர்கள். பேத்திக்குக்கூடத் தெரியாமல் என் புடவைகளுக்கு அடியில் இருந்தது. கறை என்று நினைத்ததாக எழுதினேனே, அது பொய். என் கண்ணில் படக்கூடாதென்றுதான் மேலே டப்பாவை வைத்தேன். இந்தத் தாளின் ஓரத்தில் பதிந்திருப்பது உங்கள் கட்டைவிரல். நழுவாமல் நீங்கள்தான் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். என் மகள் வரைந்த கடைசித் தாள். அன்றைக்கு, தாள் தீர்ந்துபோச்சு, ஓடிப்போய் வாங்கிட்டு வாங்கன்னு உங்களைக் கடைக்கு விரட்டியது நான்தான். அதையும் மறக்கவில்லை.