கிளட்ச் சாமியாரின் வேப்பங்குச்சி

பிள்ளை வரம் தரும் சாமியார் உண்டு. வழக்கில் ஜெயிக்க வைக்கும் சாமியாரும் உண்டு. வண்டிக்கு கிளட்ச் தேர்ந்தெடுத்துத் தரும் சாமியாரை உலகத்துக்கு அளித்த பெருமை மட்டும் கோவில்பட்டிக்கே சேரும்.

2003-ஆம் வருஷம். கழுகுமலை ரோட்டில் சாமித்துரையின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. விடிந்தும் விடியாமல் அங்கே கூட்டம் நெருக்கித் தள்ளும். லாரி முதலாளி, வேன் டிரைவர், புதூரிலிருந்து டிராக்டரோடு வந்தவர் என்று எல்லார் கையிலும் டோக்கன். வண்டியில் என்ன கோளாறு என்று சாமியார் கேட்க மாட்டார். வண்டியின் ராசியைத்தான் கேட்பார். வண்டிக்கு ஏது ராசி? ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவான நேரம்தான் ஜனன நேரம். இதைக் கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதுதான் முதல் அற்புதம்.

இரண்டாவது அற்புதம் நெருப்பு. சாமித்துரை தன் கடையிலிருந்து மூன்று கிளட்ச் பெட்டிகளைக் குங்குமப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து அடுக்குவார். மஞ்சள் பூசிய வேப்பங்குச்சியால் சாமியார் பொட்டுகளின் மேல் ஒவ்வொன்றாகக் கோடு இழுப்பார். எந்தப் பெட்டியில் நெருப்பு வருகிறதோ, அது தெய்வம் கைகாட்டிய கிளட்ச். தெய்வத்துக்கு என்ன கணக்கோ, கடையில் விற்காமல் தூசி படிந்து கிடந்த சரக்காகப் பார்த்துத்தான் கைகாட்டியது.

இந்தக் கூட்டத்தில் அருண்பாண்டியனும் இருந்தான். தீப்பெட்டி ஃபேக்டரி குருசாமியின் மகன். படிப்பை முடித்துவிட்டு, ஒரு சிவப்புக் காருக்கு இன்ஜினை மாற்றி, ஏற்றி, முறுக்கி, கோயம்புத்தூர்ப் பக்கம் மலைப் பாதை ரேஸுக்குக் கொண்டுபோகிறவன். போன வருஷம் சாமியார் சொன்ன கிளட்சைப் போட்டான். பாதி மலையில் கியர் பாக்ஸ் நொறுங்கி நின்றது. இந்த முறை அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "மறுபடி பாதியில நின்னுச்சுன்னா காரை வித்துட்டு சரக்கு வேன் வாங்கிருவேன்." அருண்பாண்டியனுக்கு அந்தக் கார்தான் உயிர். தூக்கம் போயிற்று. நேராக எங்கே ஓடினான்? அதே சாமியாரிடம்தான்!

முந்தின நாள் அக்கா உமாதேவி அவனைப் பிடித்து நிறுத்தினாள். ரேஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்கிறவள் அவள்.

"ஏலே, நான் சொல்லுததைக் கேளு. கடையில மூணு கிளட்சு கிட்டு இருக்கு. ஒண்ணு சாதா. நீ ஏத்தி வச்சிருக்க இன்ஜின் இழுவைக்கு அது வழுக்கும். ரெண்டாவது அதே மாதிரி பிளேட்டு, ஆனா அழுத்தம் கொஞ்சம் கூட. அது போதும் நமக்கு. மூணாவது நேர் ரோட்டுல ஒரே இழுப்பு இழுக்கிறவியளுக்கு. பெடல்ல இருந்து காலை எடுத்த உடனே டமார்னு பிடிக்கும். கொண்டையூசி வளைவுல அதைப் போட்டா போன வருசக் கதைதான்."

"போன வருசம் கிளட்சு காரணம் இல்லக்கா. அன்னைக்கு வண்டிக்குச் சந்திராஷ்டமம்னு சாமி சொன்னாவ."

"நானும் அதே வண்டியிலதான இருந்தேன்? எனக்கு அன்னைக்கு யோகம்னு காலண்டர்ல போட்டிருந்துச்சே!"

அவன் நழுவப் பார்த்தான். அவள் விடுவதாக இல்லை.

"சரி, மழை பேஞ்சா உங்க சாமி என்ன செய்யுதாவ?"

"மௌன விரதம். குச்சியைத் தொட மாட்டாவ."

"மழை பேஞ்சா நம்ம ஃபேக்டரி?"

"லீவு. குச்சி நமுத்துப் போவும்லா."

இரண்டு பதிலும் அவன் வாயிலிருந்தே வந்தன. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அவன் மூளைக்கு அன்று லீவு. காரைத் துடைக்கப் போய்விட்டான்.

மறுநாள் நல்ல வெயில். கொட்டகைக்குள் மூன்று பெட்டிகள், மூன்று பொட்டுகள். சாமியார் கோடு இழுத்தார். முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் சர்ரென்று நெருப்பு!

"அரோகரா!" என்று கூட்டம் கூவியது. அருண்பாண்டியன் கண்ணீரோடு கைகூப்பினான். சாமித்துரை பில் எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

"சாமி, ஒரு சந்தேகம்." தம்பியோடு வந்திருந்த உமாதேவி முன்னால் வந்தாள். "தெய்வம் உங்க கையில இருக்கா, குச்சியில இருக்கா?"

"என் கையிலதான் தாயி. அது குருநாதர் குடுத்தது."

"அப்பம் என் கையில வராதுல்லா?"

அவள் கைப்பையிலிருந்து அப்பா ஃபேக்டரித் தீப்பெட்டியை எடுத்தாள். அதிலிருந்து ஒரு குச்சியை உருவி மூன்றாவது பெட்டியின் குங்குமத்தில் உரசினாள். பற்றிக்கொண்டது. இன்னொன்றை முதல் பெட்டியின் குங்குமத்தில் உரசினாள். கீறல்தான் விழுந்தது. பிறகு சாமியாரின் சொம்பிலிருந்து ஒரு வேப்பங்குச்சியை எடுத்துத் தீப்பெட்டியின் ஓரத்தில் இழுத்தாள். ஜோராக எரிந்தது.

"எங்கப்பா தீப்பெட்டியில எந்தக் குருநாதர் இறங்கியிருக்காவ, சாமி?"

"தீட்டு! தீட்டு!" என்று சாமியார் அலறினார்.

"குச்சி நுனியில மஞ்சளுக்கு அடியில தீக்குச்சி மருந்து. குங்குமத்துல தீப்பெட்டி ஓரத்துல தடவுத மருந்து. விக்காத சரக்குப் பெட்டிக்கு மட்டும் அந்தக் குங்குமம். வேணும்னா நீங்களே உரசிப் பாருங்க!"

வேப்பங்குச்சிச் சொம்பையும் தீப்பெட்டியையும் கூட்டத்தில் நீட்டினாள். லாரி முதலாளி உரசினார், நெருப்பு. வேன் டிரைவர் உரசினார், நெருப்பு. டிராக்டர்காரர் பயந்து பயந்து உரசினார்; அவருக்கும் நெருப்பு. அன்று அந்தக் கொட்டகையில் அருள் இறங்காத ஆளே இல்லை. இந்தத் திருவிழாவில் சாமியார் பின்வாசல் வழியாக மறைந்தார். சாமித்துரை கடை ஷட்டரை இழுத்து மூடினார்.

அருண்பாண்டியனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தக் கொட்டகையில் வீசிய வாசத்தைத் தெய்வீக வாசம் என்று வீட்டில் வந்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்! பிறந்ததிலிருந்து அப்பா சட்டையிலும் அவன் சட்டையிலும் ஏறிக் கிடந்த அதே தீக்குச்சி மருந்து வாசம். வெளியூர்க்காரன் ஏமாந்திருந்தால்கூடப் போகட்டும். ஊருக்கெல்லாம் தீக்குச்சி செய்து அனுப்புகிற ஊர், ஒரு குச்சியை உரசியதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அக்கா, நான் முட்டாப்பய," என்றான்.

"பரவால்லலே. ரெண்டாவது கிட்டை வேற கடையில வாங்கியாச்சு. வா, மாட்டுவோம்."

ரேஸன்று கார் நிற்காமல் மலை ஏறியது. ஒரு கொண்டையூசியில்கூட முக்கவில்லை, முனகவில்லை. நாலாவது இடம்தான். ஆனாலும் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது அருண்பாண்டியன் ஓவென்று அழுதான். சரக்கு வேன் பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவே இல்லை.

சாமியார் என்ன ஆனார் என்கிறீர்களா? நன்றாகவே இருக்கிறார். புதியம்புத்தூரில் தையல் மிஷினுக்கு ராசி பார்க்கிறாராம். டோக்கன் கிடைப்பதே கஷ்டமாம். நீங்களும் போவதாக இருந்தால் போங்கள், யார் தடுத்தது? சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி மட்டும் இருக்கட்டும். அதையும் உரசிப் பார்க்கச் சோம்பல் என்றால், கழுத்துக்கு மேலே இருப்பது நமுத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று அர்த்தம்.